ஹாக் தெயிக் செங் சின் கோயில்
ஆர்மீனியன் தெரு, ஜார்ஜ் டவுன், பினாங்கு

கடைவீடுகளுக்கு இடையிலுள்ள இந்தக் குறுகிய வாசலைக் கவனியாமல் கடந்து போகிறவர்களே அதிகம். 1850-இல் எழுந்த இக்கோயிலின் தெய்வம் துவா பெக் கோங்; சன்னதி மாடியில் உள்ளது.

பக்தியோடு இங்கே வேறு கணக்கும் நடந்தது. கியான் தெயிக் என்னும் இரகசியச் சங்கத்தின் தலைமையிடமாக இருந்தது இதுதான். 1867-இல் கீ ஹின் என்னும் எதிரிச் சங்கத்தோடு மூண்ட கலவரம் ஏறத்தாழ 10 நாள் நகரை உலுக்கியது. வெறும் சீனர் சண்டை என்று சொல்லிவிட முடியாது: மலாய், இந்திய முஸ்லிம்களின் செங்கொடிச் சங்கம் கியான் தெயிக் பக்கமும், வெண்கொடிச் சங்கம் எதிர்ப்பக்கமும் நின்றன. 1890-இல் இரகசியச் சங்கங்கள் தடைசெய்யப்பட்டன, கோயில் நிலைத்தது.

சீனப் புத்தாண்டின் 14-ஆம் நாள் இரவு, கோயில் சங்கத்தார் தஞ்சோங் தோக்கோங் சென்று, தூபக்கலசத்தில் எழும் சுடரைக் கண்டு அவ்வாண்டின் வணிகப் போக்கைக் கணிக்கிறார்கள்.

மாடியில் வழிபாடு நடந்தால், படம் எடுப்பதைச் சற்றுத் தள்ளிவையுங்கள்.