காயமுற்ற கமக்காரர் வைத்தியரிடம் கூறவேண்டியவை

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு ஆகிய இடங்களிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத் தரைவழி உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு மக்களோ குறிகட்டுவான் இறங்குதுறை வரை கடலைக் கடத்தல் வேண்டும். நெடுந்தீவிலிருந்து இதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் செல்லும். ஆகவே, காயமுற்றவரைத் தீவிலேயே வைத்துப் பார்ப்பதா, உடனே படகேற்றுவதா என்பதை அங்குள்ள வைத்தியர் விரைந்து தீர்மானித்தல் வேண்டும். அதற்கு அவருக்குக் கிடைக்கும் முதற் சான்று நோயாளியின் வாய்மொழியேயாகும்.

என்ன நடந்தது?

"பனையால் விழுந்துவிட்டார்" என்பது மட்டும் போதாது. எவ்வளவு உயரத்திலிருந்து, எந்நேரம், எதன்மேல் விழுந்தார், நினைவு தப்பியதா, கைகால் மரத்ததா, விழுந்த பின் சிறுநீர் கழித்தாரா என்பனவற்றை உடன் சென்றவர் கூறுதல் வேண்டும். மண்வெட்டி காலில் வெட்டியிருப்பின், காயத்தில் எருவோ மண்ணோ பட்டதா, ஏற்பு ஊசி கடைசியாக எப்பொழுது போடப்பட்டது என்பனவற்றைக் கூறுதல் வேண்டும். நினைவில்லையெனின் "நினைவில்லை" என்றே சொல்லுக. ஊகித்துக் கூறும் விடை தீங்கு பயக்கும்.

பாம்புக்கடி

கட்டுவிரியன் பெரும்பாலும் இரவிலே, தரையிற் படுத்துறங்குவோரைக் கடிக்கும். கடிவாயில் வலியும் வீக்கமும் இல்லாதிருத்தல் கூடும், பல்லடையாளமும் தென்படாதிருக்கலாம். விடியற்காலையில் வயிற்றுவலி காணும், பின்னர் கண்ணிமை தாழும், மூச்சும் தடைப்படலாம். இத்தகையவர் "வயிறு வலிக்கிறது" என்று மட்டும் கூறினால் வைத்தியர் வேறு நோயென எண்ண இடமுண்டு. "இரவு தரையிற் படுத்தேன்" என்னும் ஒரு சொல் உயிரைக் காக்கும்.

விஷமுறிவு மருந்து விஷம் ஏறியமைக்கான அறிகுறி கண்ட பின்னரே கொடுக்கப்படுவது. எனவே பல்லீறில் இரத்தம் கசிதல், சிறுநீர் சிவத்தல், பார்வை மங்கல் ஆகியன எப்பொழுது தோன்றினவென்று நேரத்துடன் கூறுக. அம்மருந்தே சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்குமாதலால், ஈழை நோயோ மருந்து ஒவ்வாமையோ உள்ளவர் அதனை முதலிலேயே அறிவித்தல் வேண்டும். பாம்பைப் பிடிக்க முயன்று காலத்தை வீணாக்குதல் கூடாது.

மறைக்கத் தகாதவை

கடிவாயைக் கீறியது, கயிற்றால் இறுகக் கட்டியது, பச்சிலை வைத்தது, கள் அருந்தியிருந்தது, ஒரு நாள் தாமதித்தது ஆகியவற்றை, வைத்தியர் ஏசுவார் என்று அஞ்சிப் பலர் மறைக்கின்றனர். இஃது அவர்களுக்கே கேடாகும். வைத்தியர் கேட்பது குற்றம் காண்பதற்கன்று; மருந்தைத் தெரிந்தெடுப்பதற்கேயாம். நீரிழிவுக்கும், இரத்தம் உறையாதிருப்பதற்கும் உட்கொள்ளும் குளிசைகளைக் கையோடு கொண்டு செல்க. பீடைகொல்லி கண்ணிற் பட்டால் உடனே நல்ல நீரால் நெடுநேரம் கழுவி, அதன் பெயர்ச்சீட்டைக் கொண்டு செல்லல் வேண்டும். மருந்துக்கு மருந்து சிகிச்சை வேறுபடுமாதலால், "வெங்காயத்துக்கு அடிக்கும் மருந்து" என்பதனால் பயனில்லை.

திரும்புமுன்

வைத்தியரின் தாய்மொழி சிங்களமாயின், தாதியரின் உதவியுடன் சிறு வாக்கியங்களாகப் பேசி, நோகும் இடத்தை விரலாற் காட்டுக. வைத்தியர் கூறியதைத் தம் சொல்லில் ஒருமுறை திருப்பிக் கூறி, சரியோவெனக் கேட்டறிதல் நன்று. "எவ்வறிகுறி கண்டால் மீண்டும் வரவேண்டும்?" என்றும் கேட்டல் வேண்டும். ஏனெனில் கடைசிப் படகு போன பின் அறிகுறி தோன்றினால் அல்லல் பெரிது. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்படுவோர், தீவு வைத்தியர் தரும் கடிதத்தை நனையாது பேணிச் சென்று சேர்ப்பித்தல் வேண்டும். தரைவழியுள்ள இடங்களில் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் காவுவண்டி கட்டணமின்றி வரும்.

நேரம், இடம், நிகழ்ந்தது, செய்த கைமருந்து, உட்கொள்ளும் மருந்து ஆகிய ஐந்தையும் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் மனத்திற் கொள்வாராக.