டிபியா, கல்தூசியா?

விழுப்புரம் மாவட்டத்துல திண்டிவனம், வானூர் பக்கம் கல்குவாரியும் ஜல்லி கிரஷரும் நிறைய. அங்கே வேலை செய்யறவங்களோட இருமலைப் பத்திதான் இன்னிக்கு நான் பேசப்போறேன்.

மாசக்கணக்கா இருமல்னா முதல்ல டிபியான்னு பார்ப்பாங்க. பார்க்கணும்தான். ஆனா எக்ஸ்ரேயில டிபி மாதிரியே தெரியக்கூடிய இன்னொரு நோய் இருக்கு: சிலிகோசிஸ். கல்லுல இருக்கிற சிலிக்கா நுரையீரல்ல தங்கித் தழும்பாகுது. அந்தத் தழும்பு ஆறாது. சிலிகோசிஸ் உள்ளவங்களுக்கு டிபியும் எளிதா வரும். அதனால டாக்டர் கொடுத்த டிபி மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க.

தூசியை எப்படி அளக்கிறது? கண்ணுக்குத் தெரியற புழுதி பெரும்பாலும் மூக்கு, தொண்டையோட நின்னுடும். உள்ளே ஆழமா போறது கண்ணுக்கே தெரியாத நுண்தூசி. அதனால கேட்டுல நின்னு பார்த்தா போதாது. தொழிலாளி இடுப்புல சின்ன பம்ப், காலர்ல ஃபில்டர் மாட்டி, ஷிஃப்ட் முழுக்க அவர் மூக்குப் பக்கத்துக் காத்தைப் பிடிக்கணும். பிறகு ஃபில்டரை எடை போட்டு, அதுல சிலிக்கா எவ்வளவுன்னு லேப்ல பார்க்கணும். ஆய்வு நடக்கிற அன்னிக்கு மட்டும் தண்ணி தெளிச்சா, வர்ற கணக்கு பொய்க் கணக்கு.

1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே சிலிகோசிஸ், டாக்டர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயா இருந்துச்சு. 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் அது தொழில்நோயாத்தான் இருந்துச்சு. சீட்டுல 'டிபி'ன்னு மட்டும் இருந்தா இழப்பீடு கேட்கிறது கஷ்டம்.

அதனால டாக்டர் கேட்காட்டியும், என்ன வேலை, எத்தனை வருஷம்னு நீங்களே சொல்லுங்க. அதைச் சீட்டுலயும் எழுதச் சொல்லுங்க.