ஆலைக்கு இடம் அமைவது எவ்வாறு?

ஒரு டன் பருத்தியை நூற்றால் ஏறக்குறைய ஒரு டன் நூல் கிடைக்கிறது. ஆகையால் பஞ்சாலை பருத்தி விளையும் பிரதேசத்திலும் அமையலாம், துணி விற்கும் நகரத்தின் அருகிலும் அமையலாம். உருக்கின் நிலை வேறு. ஊது உலை முறையில் ஒரு டன் உருக்கைப் பெறுவதற்கு இன்றும் சுமார் ஒன்றரை டன் இரும்புத் தாதுவும், ஏறத்தாழ முக்கால் டன் நிலக்கரியும், அவற்றோடு சுண்ணாம்புக்கல்லும் வேண்டியிருக்கின்றன. அந்த எடையில் பெரும்பகுதி புகையாகவும் கசடாகவும் கழிந்துவிடுகிறது. கழியப்போகிற எடைக்குக் கூலி கொடுத்து அதை நெடுந்தூரம் கொண்டுசெல்ல எந்த முதலாளியும் விரும்பமாட்டான். இந்த எளிய கணக்கையே ஆல்ஃபிரெட் வெபர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1909-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் ஒரு சாஸ்திரமாக வகுத்தார். போக்குவரத்துச் செலவு மிகக் குறைவாக முடியும் இடமே ஆலைக்கு இயல்பான இடம் என்பதும், மலிவான உழைப்போ பல தொழில்கள் ஒருங்கு கூடுவதால் விளையும் லாபமோ அதனை அவ்விடத்திலிருந்து பெயர்க்கக்கூடும் என்பதும் அவருடைய சித்தாந்தத்தின் சாரம்.

வெபரின் நூல் வெளிவருவதற்கு முன்பே நம் தேசத்தில் அதற்கு ஓர் உதாரணம் உருவாகிக்கொண்டிருந்தது. மயூர்பஞ்ச் சமஸ்தானத்தின் கோருமஹிஸானி மலையில் சிறந்த இரும்புத் தாது இருப்பதைப் பிரமதநாத் போஸ் என்ற புவியியல் அறிஞர் 1904-இல் ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்குக் கடிதம் எழுதித் தெரிவித்தார். ஜாம்ஷெட்ஜி அதே ஆண்டில் மறைந்தபோதிலும் அவர் தொடங்கிய முயற்சி நின்றுவிடவில்லை. தெற்கே தாது மலைகளும், வடக்கே ஜாரியா நிலக்கரிச் சுரங்கங்களும், அருகே சுவர்ணரேகா, கர்க்காய் என்னும் இரு நதிகளின் நீரும், கல்கத்தாத் துறைமுகத்துக்குச் செல்லும் ரயில் பாதையும் ஒருசேர வாய்த்திருந்த சாக்சி என்ற சிற்றூரில், 1907-இல் நிறுவப்பட்ட கம்பெனி தன் ஆலையை எழுப்பியது. 1912-இல் அங்கே உருக்கு உற்பத்தியாயிற்று. 1919-இல் அவ்வூர் ஜாம்ஷெட்பூர் என்று பெயர் பெற்றது.

ஓர் ஆலை வேரூன்றிய பின் அது தனித்து நிற்பதில்லை. தகரத் தகடு செய்யும் ஆலை 1920-ஐ ஒட்டியும், ரயில் எஞ்சின்களும் பிற்காலத்தில் லாரிகளும் செய்த டெல்கோ 1945-இலும் ஜாம்ஷெட்பூரிலேயே தோன்றின. பழகிய தொழிலாளர், பழுது பார்க்கும் பட்டறை, உதிரிப் பாகம் செய்வோர், கடன் கொடுப்போர் ஆகியோர் ஓரிடத்தில் கூடும்போது ஒவ்வொருவருடைய செலவும் குறைகிறது. தொழில் நுட்பம் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பேச்சோடு பேச்சாகப் பரவுகிறது. பொருளியல் அறிஞர் ஆல்ஃபிரெட் மார்ஷல் 1890-இலேயே எடுத்துக்காட்டிய இந்தத் திரட்சியின் பலத்தினால்தான், முதலில் ஒரு தொழிலை ஈர்த்த காரணம் மறைந்த பிறகும் அத்தொழில் அங்கேயே நிலைத்துவிடுகிறது.

எனினும் இயற்கை வகுத்த இடம் என்றைக்கும் மாறாதது என்று எண்ணலாகாது. உயர்ந்த தாதுவும் தக்க நிலக்கரியும் போதிய அளவில் இல்லாத ஜப்பான், உலகப் போருக்குப் பின் கடற்கரையிலேயே ஆலைகளை அமைத்தது; டோக்கியோ விரிகுடாவின் கரையிலுள்ள சீபாவில் 1953-இல் ஊது உலை மூட்டப்பட்டது. பெருங்கப்பல்கள் தோன்றிக் கடல்வழிக் கூலி வீழ்ந்ததும், இரும்புத் தாது ஏற்றுமதிக்கு விதித்திருந்த தடையை ஆஸ்திரேலியா 1960-இல் தளர்த்தியதும் அந்தத் துணிவுக்குப் பெருந்துணையாயின. தென்கொரியா 1968-இல் போஹாங் நகரில் உருக்காலை காண முற்பட்டபோது உலக வங்கியின் ஆய்வு அதற்கு ஆதரவளிக்கவில்லை. ஆயினும் ஜப்பான் அளித்த ஈட்டுத் தொகையின் ஒரு பகுதியை முதலாக்கி, 1973-இல் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் டன் உற்பத்திக்குரிய ஆலையை அந்நாடு இயக்கிக் காட்டியது. துறைமுகமும், கல்வி பெற்ற உழைப்பாளரும், தளராத அரசும் அங்கே சுரங்கத்தின் குறையை ஈடு செய்தன.

இதற்கு நேர்மாறான பாடத்தை நம் நாடே அளிக்கிறது. உருக்கு தேசமெங்கும் ஒரே விலைக்குக் கிடைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்துடன் 1950-களில் ஏற்பட்ட சரக்குக் கூலிச் சமன்பாட்டுக் கொள்கை, 1990-களின் தொடக்கம் வரை நீடித்தது. பம்பாயிலும் சென்னையிலும் இயந்திரம் செய்வோர் ஆலையடியில் இருப்போர் கொடுத்த விலைக்கே உருக்கைப் பெற்றனர். தாதுவும் கரியும் நிறைந்த பீகார், ஒரிஸ்ஸா முதலிய ராஜ்யங்களோ இயற்கை தந்த அனுகூலத்தை இழந்தன. மேற்கிலும் தெற்கிலும் தொழில் வளர்ந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் தம் நிலத்தடிச் செல்வத்தை நாட்டுக்கு வழங்கிய மக்களுக்கு அதற்கு ஈடாகப் பள்ளிகளும் பட்டறைகளும் வேண்டிய அளவில் கிட்டவில்லை என்பது நம் திட்டங்களின் பெருங்குறையே.

தொழில்களின் இடத்தை நிர்ணயிப்பவை மண்ணும் மலையும் மட்டுமல்ல என்பதை இவ்வரலாறு தெளிவாக்குகிறது. கப்பல் கூலி, ரயில் கட்டணம், கல்வி, அரசின் கொள்கை ஆகிய யாவும் மனிதர் செய்யும் முடிவுகள். ஆகவே சுரங்கம் இல்லாத நாடு தன் வறுமையை விதியென்று ஏற்க வேண்டியதில்லை. சுரங்கம் உள்ள பிரதேசமும் அது ஒன்றே தன்னைச் செழிக்க வைக்கும் என்று நம்பியிருக்கலாகாது. தாது வெட்டப்படும் இடத்தில் வாழ்கிறவனுடைய மகன் அத்தாதுவிலிருந்து இயந்திரம் செய்யும் தேர்ச்சியைத் தன் ஊருக்கு அருகிலேயே பெறுவதற்கு வழி செய்கிற திட்டமே அபிவிருத்தி என்ற பெயருக்கு உரியது.