நாசில் முனையில் பிறக்கும் நஞ்சு

லாரியின் புகைக்குழாயில் நாம் காணும் கரும்புகையின் அளவு, எரிபொருளைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசிலின் ஊசித்துவாரங்களில், ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் பெரும்பாலும் நிச்சயிக்கப்பட்டுவிடுகிறது என்பதை, வண்டி வைத்திருப்போரும் வீதியில் நடப்போரும் ஒருங்கே அறிந்திருப்பது அவசியம்.

டீசல் யந்திரத்தில் தீப்பொறிக்கு வேலையில்லை. காற்றை அமுக்கும்போது எழும் உஷ்ணமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. பீய்ச்சப்படும் துளி பருத்திருந்தால் அதன் உட்புறத்துக்குப் பிராணவாயு எட்டாமல், ஈர விறகு புகைவதைப்போல, பாதி எரிந்த கரித்துகளாக வெளியேறுகிறது. ருடால்ஃப் டீசல் 1897-இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய யந்திரத்தில் அழுத்திய காற்றைக்கொண்டே எரிபொருளைச் சிதறச்செய்தார். இன்றைய காமன் ரெயில் அமைப்போ 2,000 பார் அளவுக்கு அழுத்தம் தந்து, டீசலைப் பனிப்படலமாகவே ஆக்கிவிடுகிறது.

ஆயினும் இங்கே ஒரு சங்கடம் உண்டு. தகனம் செம்மையாகி உஷ்ணம் 1,500 பாகை செல்சியஸைத் தாண்டும்போது, காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் கூடி, பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாத நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. அதற்கஞ்சிப் பீய்ச்சும் தருணத்தைத் தாமதப்படுத்தினால் அவை குறைய, கரியும் டீசல் செலவும் கூடுகின்றன. இவ்விரு தீமைகளையும் ஒருசேர அடக்கக் கண்ட உபாயமே, ஒரே வீச்சாகப் பீய்ச்சாமல் பல தவணைகளில் பீய்ச்சுவது: முதலில் சிறு துளி சென்று அறையைப் பக்குவப்படுத்தித் திடீர் வெடிப்பையும் இரைச்சலையும் தணிக்கிறது, பிரதானப் பகுதி அதன்பின் எரிகிறது, இறுதியில் செல்லும் சிறு பகுதி எஞ்சிய கரியை எரிக்கிறது. மனித புத்தியின் நுட்பத்துக்கு இதைவிடச் சிறந்த அத்தாட்சி யந்திர சாஸ்திரத்தில் அதிகமில்லை என்றே நான் கருதுகிறேன்.

டீசல் புகை புற்றுநோயை விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் ஐயமறத் தீர்மானித்தது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் அமலிலுள்ள பாரத் ஸ்டேஜ் 6 விதி, டீசல் கார்களின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைக் கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80-ஆகக் குறைத்தது. ஆனால் டீசல் வண்டிகளுக்கு நாம் வாங்கும் புகைச் சான்று, புகையின் அடர்த்தியை மட்டுமே அளக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத நஞ்சு அதில் அகப்படுவதில்லை. பரிசோதனைக் கூடத்தில் மட்டும் நல்லொழுக்கம் காட்டும்படி ஃபோக்ஸ்வாகன் கார்களின் கணிப்பொறியில் செய்யப்பட்டிருந்த சூழ்ச்சி 2015-இல் அமெரிக்காவில் அம்பலமானபோது, உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் கார்களில் அது இருந்தது தெரியவந்தது.

அதே பாவத்தை நம் ஊர்களிலும் சிலர் சிறிய அளவில் செய்ய முன்வருகிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடுகளை முறிக்கப் புகையில் பீய்ச்சும் ஆட்புளூ என்ற திரவத்தின் செலவை மிச்சப்படுத்த, அது பீய்ச்சப்படுவதாகக் கணிப்பொறியை நம்பவைக்கும் கருவியைப் பொருத்துவதும், பிக்கப் வேண்டி எரிபொருள் அளவை ஏற்றுவதும், புகை வடிகட்டியை அறுத்தெறிவதும் இவ்வகை. லாரி ஒன்றே ஜீவனமான குடும்பத்தின் பணமுடை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த நஞ்சை முதலில் சுவாசிப்பவர் ஓட்டுநரும் கிளீனருமே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைத் தடைசெய்கிறது. உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ நேரலாம். காற்று மாசு வரம்பை மீறும் வண்டியை ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் உரிமம் இழப்பதும் உண்டு.

பரிகாரம் பெரும்பாலும் எளியது. கரும்புகை கண்டால் ஏர் ஃபில்டரையும் நாசிலையும், நீலப்புகை கண்டால் என்ஜின் ஆயில் எரிகிறதா என்பதையும், சூடேறிய பின்னும் வெண்புகை நீடித்தால் எரியாத டீசலையோ சிலிண்டருக்குள் கசியும் நீரையோ பார்க்கச் சொல்லுங்கள். பங்க்கில் டீசலின் அடர்த்தியைச் சோதிக்கக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. பம்ப்பும் நாசிலும் பழுதுபார்த்தவர் வேலையைக் கெடுத்துவிட்டால், ரசீதைக் காட்டி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். குறை வண்டியின் தயாரிப்பிலேயே இருந்து, அது சுற்றுச்சூழலுக்குத் தீங்கு செய்வதாயின், மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தால் சேர்ந்த 110-ஏ பிரிவின்படி, மத்திய அரசு அவ்வகை வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிடலாம். பழுதை நீக்கவோ, வேறு வண்டி தரவோ, விலையைத் திருப்பித் தரவோ தயாரிப்பாளர் கடமைப்பட்டவர்.