சாமை உமிக்குள் ஓர் ஆய்வுப்பட்டம்

இயந்திரப் பொறியியலில் முனைவர் பட்டம் என்றதும் விண்கலமும் விமான எந்திரமும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். கள்ளக்குறிச்சி மாவட்டம், கல்வராயன் மலையிலுள்ள கரியாலூரையும் அங்கு விளையும் சாமையையும் யாரும் எண்ணுவதில்லை. ஆனால், அந்தச் சாமை உமிக்குள் ஓர் உயர் ஆய்வுக்கான கேள்வி இருக்கிறது.

சாமையின் எடை நெல்லின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அதன் உமியோ அரிசியை இறுகப் பற்றியிருக்கும். தலைமுறை தலைமுறையாக மலைவாழ் பெண்கள் உரலிலும் உலக்கையிலும் அதைப் பிரித்தெடுத்தனர். இன்றைய இயந்திரங்களில், சுழலும் தட்டு தானியத்தை வீசியெறிய, அது சுவரில் மோதி உமி நீங்குகிறது. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். வேகத்தை 10 விழுக்காடு கூட்டினால் ஆற்றல் 21 விழுக்காடு கூடிவிடும். வேகம் குறைந்தால் உமி நீங்காது. மிகுந்தால் அரிசி குருணையாகும். மழைக்காலத்துத் தானியத்துக்கும் கோடைக்காலத்துத் தானியத்துக்கும் ஈரப்பதம் வேறு என்பதால் ஒரே வேகம் எப்போதும் பொருந்தாது.

இங்குதான் பொறியாளருக்கும் ஆய்வாளருக்கும் உள்ள வேறுபாடு புலப்படும். இயங்கும் ஒரு கருவியைச் செய்து முடித்தால் பொறியாளரின் பணி நிறைவடைகிறது. அது ஏன் இயங்குகிறது, எந்த எல்லையில் தோற்கும் என்பதை அளந்து, பிறர் சரிபார்க்கும் வகையில் நிறுவுவதே முனைவர் ஆய்வு. பட்டத்துக்குத் தேவை புதிய கருவியன்று; புதிய அறிவு.

இந்த அறிவைத் தேடும் வாய்ப்பு மலையின் பிள்ளைகளுக்கும் உண்டு. 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை இது; கல்வி இங்கு தாமதமாகவே வந்தது. ஆயினும், இம்மலையின் சேலம் மாவட்டப் பகுதியான கருமந்துறையிலிருந்து 2025-இல் ஒரு பழங்குடி மாணவி சென்னை ஐஐடி-யில் இடம் பெற்றார்.

பட்டம் பெற்றதும் வேலைக்குச் சென்றாக வேண்டிய குடும்பச் சூழலில், மேலும் ஐந்தாறு ஆண்டுகள் படிப்பு என்பது ஆடம்பரமாகத் தோன்றலாம். முனைவர் ஆய்வை ஊதியம் போன்ற உதவித்தொகையுடன் மேற்கொள்ள முடியும் என்பதை நம் கல்லூரிகள் மாணவர்களுக்கு உரக்கச் சொல்வதில்லை. மத்திய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.37,000. பழங்குடியினருக்கென ஆண்டுதோறும் 750 தேசிய உதவித்தொகைகள் உள்ளன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றோர் முதுநிலைப் பட்டமின்றியே ஆய்வில் சேர விண்ணப்பிக்கலாம்; பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. குறைந்தபட்சக் காலம் மூன்று ஆண்டுகள்.

ஆய்வுலகமும் மாற வேண்டும். ஆய்வின் தகுதி பெரும்பாலும் வெளியான கட்டுரைகளைக் கொண்டே எடைபோடப்படுகிறது. ஆய்வகத்தில் சீரான ஈரப்பதத்தில் வெற்றி பெற்ற இயந்திரம், மின்னழுத்தம் ஏறி இறங்கும் மலைக் கிராமத்தில் தடுமாறினால் அந்தத் தோல்வி ஆய்வேட்டில் இடம்பெறுவதில்லை. களத்தில் ஓர் அறுவடைக் காலம் முழுவதும் சோதிப்பதும் ஆய்வின் பகுதியாகக் கருதப்பட வேண்டும்.

2023-ஐச் சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடினோம். சாமையை விளைவிக்கும் மலையிலேயே அதை அரிசியாக்கும் நுட்பமும் வேரூன்றினால்தான் கூடுதல் விலை உழவரைச் சேரும். உலக்கையின் கனம் அறிந்த வீட்டிலிருந்து வரும் ஆய்வாளருக்கு, எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்கும்.