மண்ணுக்குள் துளைக்கல் கிடைத்தால்...

கால்வாய் வெட்டும்போதும் செம்பனைக் கன்றுக்குக் குழி தோண்டும்போதும் நம் தோட்டப்புற மக்களின் மண்வெட்டி 'ணங்' என்று கல்லில் இடிப்பது வழக்கம். சில வேளை அந்தக் கல்லின் நடுவில் ஒரு துளை இருக்கும். "ஆட்டுக்கல்லு மாதிரி இருக்கே" என்பார் ஒருவர். "உள்ளே புதையல் இருக்கும், உடைச்சுப் பாரு" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் மஞ்சள் குங்குமம் வைத்து மரத்தடியில் நிறுத்திவிடுவார். உடைப்பதற்கும் பொட்டு வைப்பதற்கும் முன்னால், தோழர்களே, அது என்ன கல் என்று கொஞ்சம் பார்ப்போம்.

துளை இருந்தாலே மனிதன் போட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. செம்பூறாங்கல்லில் தேன்கூடு போல ஓட்டைகள் தாமாகவே இருக்கும். ஆற்றுப் பாறையில், நீர்ச்சுழலில் சிக்கிய கூழாங்கற்கள் சுற்றிச் சுற்றித் தேய்த்தே வட்டக் குழி விழும். மனிதன் கை பட்ட கல் வேறு மாதிரி இருக்கும். விளிம்பு நேராக இருக்கும்; மூலை சதுரமாக இருக்கும்; உளித் தழும்பு வரிசையாகத் தெரியும். பக்கத்திலேயே பழைய செங்கல்லும் பானை ஓடும் கிடந்தால் சந்தேகமே வேண்டாம்.

கெடாவில், நம் முன்னோர் கடாரம் என்று அழைத்த மண்ணில், மெர்போக் அருகே புக்கிட் பத்து பஹாட் இருக்கிறது. உளியால் செதுக்கிய கல் என்பதே 'பத்து பஹாட்' என்ற பெயரின் பொருள். அங்குள்ள பழங்கோயிலை 1959-60இல் எடுத்துக் கட்டியபோது கருங்கல் பெட்டகங்கள் கிடைத்தன. குழி குழியாகக் குடைந்த அவற்றுக்குள் கோயில் கட்டியவர்கள் பொன், மணி போன்றவற்றை வைத்து அடித்தளத்தில் புதைத்திருந்தார்கள். கூரையைத் தாங்கிய மரத்தூண்களுக்கு அடிக்கல்லும் உண்டு.

துளையுள்ள இன்னொரு பொருள் சுட்ட மண் குழாய். சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது இவை ஏராளமாக வந்தன. இரும்பு உருக்கும் உலைக்குத் துருத்திக் காற்றைக் கொண்டுபோன குழாய்கள் இவை. கூடவே கறுத்துக் கனத்த இரும்புக் கசடும் கிடைத்தது. தோட்ட நிலத்துக்கு அடியில் ஒரு தொழிற்சாலையே புதைந்து கிடந்திருக்கிறது!

மலாய்க்காரர்கள் 'பத்து லிந்தார்', இடிக்கல், என்று சொல்லும் வழவழப்பான கல்லையும் சிலர் வீட்டில் வைத்திருப்பார்கள். அது இடியோடு விழுந்ததல்ல. இரும்பு அறியாத காலத்து மனிதன் மரம் வெட்டத் தீட்டிய கற்கோடரி.

இதையெல்லாம் நாம் ஏன் சொல்கிறோம்? பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் பழங்கோயில் என்று ஆய்வாளர்கள் குறித்துவைத்த இடத்தை, 2013இல் நில மேம்பாட்டு வேலையில் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். தனியார் நிலம், அரசிதழில் பதியப்படாத இடம். ஆய்வாளர் எண் போட்ட கோயிலுக்கே அந்தக் கதி என்றால், யாருமே சொல்லாத கல்லுக்கு என்ன கதி?

கல் கிடைத்தால் இருந்த இடத்திலேயே விடுங்கள். எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் வயதைச் சொல்லும். பெயர்த்து எடுத்துவிட்டால் அதன் கதை பாதி போய்விடும். சுரண்டாதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள், வியாபாரிக்கு விற்காதீர்கள். படம் பிடித்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்கோ தேசிய மரபுடைமைத் துறைக்கோ தெரிவியுங்கள். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

"வேலை நின்னு போச்சுன்னா கிராணி ஏசுவாரே" என்ற பயம் நமக்குத் தெரியாததல்ல. தனியாளாகப் போக வேண்டாம். கிளைச் செயலாளரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தேதியும் இடமும் போட்டு எழுதிக் கொடுத்து, நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கல்லைக் குடைந்தவனும் உலையில் துருத்தி ஊதியவனும் கூலிக்கு உழைத்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. வேலை மட்டும் மண்ணில் கிடக்கிறது. அதை முதலில் பார்ப்பது மண்வெட்டி பிடிக்கும் நம் கண்தான். அந்தக் கண்ணைத் திறந்து வைத்திருப்போம்!