மலிவான எஸ்.எஸ்.டி.: வேகம் தரும், காவல் தருமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மடிக்கணினி இன்று ஆடம்பரப் பொருளன்று. க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் பயிலும் மாணவர், பல்கலைக்கழக மாணவர், ஆசிரியர், வீட்டிலிருந்தவாறே வெளியூர் நிறுவனங்களுக்குப் பணியாற்றும் இளைஞர் எனப் பலருக்கும் அது அன்றாடக் கருவியாகிவிட்டது. ஆனால் 2022 ஆம் ஆண்டு நெருக்கடியின்போது 200 ரூபா அளவிலிருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டதன் பின்னர், புதிய கணினி வாங்குவது நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டாக்கனியானது. எனவே பழைய சிறிய மடிக்கணினிக்கு, எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகம் ஒன்றைக் குறைந்த விலையில் பொருத்திப் புத்துயிர் அளிக்கும் வழக்கம் பெருகியுள்ளது. இம்மலிவுச் சாதனங்கள் உண்மையில் பயன்தருமா என்பதே பலரது வினா.

வேலை செய்வதற்கு ஆம்; காத்து வைப்பதற்கு இல்லை என்பதே அதற்கான சுருக்கமான விடையாகும்.

வேகம் எங்கிருந்து வருகிறது?

பழைய மடிக்கணினிகளிலுள்ள வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 தடவை சுழல்வது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி செக்கன் ஆகும். தேடும் தரவு ஊசியின் கீழ் வந்து சேரும்வரை கணினி காத்திருக்க வேண்டும். கணினி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் வாசிக்கப்படுவதால், இச்சிறு காத்திருப்புகள் சேர்ந்து நிமிடக் கணக்காகின்றன. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பகுதி எதுவுமில்லை. சில்லுக் கலங்களில் மின்னூட்டமாகப் பதிந்துள்ள தரவு ஒரு மில்லி செக்கனில் பத்திலொரு பங்களவு நேரத்தில் கிடைத்துவிடும். ஆகவே, மிக மலிவான எஸ்.எஸ்.டி.யும் இவ்விடயத்தில் வன்தட்டை எளிதில் வென்றுவிடுகிறது.

இது புதிய எண்ணமன்று. 2007 ஆம் ஆண்டு அசூஸ் நிறுவனம் வெளியிட்ட ஈ பிசி என்னும் ஏழு அங்குலத் திரைகொண்ட சிறு கணினி, வன்தட்டின்றி 4 கிகாபைற் சில்லு நினைவகத்துடனேயே வந்தது. இடம் போதவில்லை என்பதே அன்றைய குறை. இன்று இடம் உண்டு. குறை வேறிடத்தில் உள்ளது.

விலை எவ்வாறு குறைகிறது?

முதலாவது, ஒரு கலத்தில் அடைக்கப்படும் தரவின் அளவு. ஒரு கலத்தில் மூன்று பிற் பதிப்பதற்கு 8 மின்னூட்ட நிலைகளும், நான்கு பிற் பதிப்பதற்கு 16 நிலைகளும் வேண்டும். நிலைகள் நெருங்க நெருங்க எழுதும் வேகமும் ஆயுளும் குறைகின்றன. இரண்டாவது, எத்தரவு எக்கலத்தில் உள்ளது எனக் காட்டும் அட்டவணையை வைத்திருக்கும் தனி நினைவகம் மலிவு வகைகளில் தவிர்க்கப்படுகிறது. மூன்றாவது, சில கலங்களில் மட்டும் தற்காலிகமாக ஒரு பிற் வீதம் எழுதி வேகம் காட்டும் உத்தி. அந்தப் பகுதி நிரம்பியதும் வேகம் சரியும். நான்கு பிற் வகைகள் சில, செக்கனுக்கு 100 மெகாபைற்றுக்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு. பெட்டியில் அச்சிட்ட 500 மெகாபைற் வேகம் பொய்யன்று; ஆயினும் அது முழு உண்மையுமன்று.

கட்டுரை எழுதுவோரும் இணையம் பார்ப்போரும் இச்சரிவை உணரமாட்டார்கள். திருமண ஒளிப்பதிவுகளைத் தொகுப்போர் முதல் நாளிலேயே உணர்வர்.

அச்சம் ஓரிடம், ஆபத்து வேறிடம்

"எழுதி எழுதித் தேய்ந்துவிடும்" என்ற அச்சம் பரவலாக உண்டு. அறியப்பட்ட நிறுவனங்களின் 240 கிகாபைற் மலிவு வகைகளுக்கும் ஏறத்தாழ 80 டெராபைற் எழுத்து ஆயுள் குறிக்கப்பட்டுள்ளது. நாளொன்றுக்கு 20 கிகாபைற் எழுதினாலும் அது பத்தாண்டுகளுக்கு மேல் வரும். சாதாரண பாவனையாளர் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

உண்மையான ஆபத்துகள் வேறு. பழைய மடிக்கணினிகள் பலவற்றின் பற்றரி செயலிழந்துள்ளது. மின்சாரம் நின்ற கணமே கணினியும் நின்றுவிடும். 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட நாடு இது. எழுதிக்கொண்டிருக்கையில் மின் நின்றால் தரவைக் காக்கும் மின்தேக்கிகள் மலிவு எஸ்.எஸ்.டி.களில் இருப்பதில்லை. எனவே பற்றரியை மாற்றுவதும் இச்செலவின் ஒரு பகுதி என்றே கொள்ளவேண்டும்.

அடுத்தது வெப்பம். பாவனையாளர் எஸ்.எஸ்.டி.களுக்கான சர்வதேச நியமம், எழுத்து ஆயுள் முடிந்த சாதனம் மின்னின்றி 30 பாகை வெப்பத்தில் ஓராண்டுக்குத் தரவைக் காக்கவேண்டும் என்றே கோருகிறது. புதியது அதைவிட நெடுங்காலம் தாங்கும். வெப்பம் கூடினால் காலம் குறையும். எமது கோடையில் தகரக் கூரையின் கீழுள்ள அலுமாரியில் ஆண்டுக்கணக்கில் பூட்டி வைப்பதற்கு இது உகந்ததன்று. மேலும், வன்தட்டு பழுதாகுமுன் பல வேளைகளில் ஓசையெழுப்பி எச்சரிக்கும்; எஸ்.எஸ்.டி. அறிகுறியின்றியே நின்றுவிடக்கூடும். அதிலிருந்து தரவை மீட்பதும் கடினம்.

மூன்றாவது போலி. சிறு சில்லைப் பெரிய கொள்ளளவாகக் காட்டும் சாதனங்கள் உலகெங்கும் விற்கப்படுகின்றன. வாங்கியவுடன் அதனை முழுவதும் நிரப்பி, கோப்புகளை மீண்டும் திறந்து பார்ப்பதே எளிய சோதனை.

வாங்குமுன் வேறு சிலவற்றையும் கவனிக்க வேண்டும். மிகச் சிறிய மடிக்கணினிகள் சிலவற்றில் சேமிப்பகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், அதனை மாற்றவியலாது. 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவும் முடிவுற்றது. விண்டோஸ் 11 ஐ ஏற்காத பழைய கணினிகளுக்கு லினக்ஸ் நல்ல மாற்று.

இழப்பு அறிந்தவர்கள்

இவையனைத்தும் வெறும் கருவிப் பிரச்சினை எனக் கொள்ளலாகாது. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ். பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் இரண்டு மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். ஐந்தாண்டுகள் கழித்து, அதே ஒக்டோபர் 30 இல் வலிகாமம் மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்தனர். காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் திருமணப் படமும் இழந்த குடும்பங்கள் இரு சமூகத்திலும் உள்ளன. ஒரே பிரதி ஓரிடத்தில் இருந்தால் என்ன நேரும் என்பதை எமக்கு வேறொருவர் கற்பிக்க வேண்டியதில்லை.

2005 ஆம் ஆண்டு தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம், தமிழ் பேசும் சமூகங்களின் நூல்களையும் சஞ்சிகைகளையும் வருடியெடுத்து யாவருக்கும் கிடைக்கச் செய்தமை அப்பாடத்திலிருந்து விளைந்த நற்செயலாகும். வீட்டளவிலும் அதே நெறி வேண்டும். வேலை செய்ய எஸ்.எஸ்.டி., பிரதி வைக்க வெளியிணைப்பு வன்தட்டு, இன்னொரு பிரதி இணையத்திலோ வெளியூர் உறவினரிடமோ. கழற்றிய பழைய வன்தட்டையும் எறிந்துவிடாது, சிறு உறையொன்றில் இட்டு இதற்குப் பயன்படுத்தலாம். ஆயினும் அது முதுமையடைந்தது என்பதை மறவாது, அதனையே ஒரே பிரதியாக நம்பக்கூடாது.

மலிவான எஸ்.எஸ்.டி. பழைய கணினிக்கு இன்னும் சில ஆண்டுகள் வாழ்வளிக்கும். அதற்காக அதனைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் பொருத்துவதற்கு முதல்நாளே உறுதிகளையும் சான்றிதழ்களையும் படங்களையும் வேறிடத்தில் பிரதி செய்துகொள்வது அவசியம்.